பக்கத்துக் கட்டிலின் சாவுக் கவிதைகள்

எல்லாரும் கேட்கிறீர்கள். கனடாவிலிருந்து கேட்கிறீர்கள், ஜெர்மனியிலிருந்து கேட்கிறீர்கள், இங்கே லண்டன் பிளேஸ்டோ மரக்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கேட்கிறீர்கள்: "உங்களுக்கு என்னப்பா நடந்தது?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்கு இப்போது மூச்சு இருக்கிறது, பொறுமைதான் இல்லை. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நிறைந்த கேத்திலைக்கூடத் தூக்கக் கூடாதாம். தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது. சும்மா இருக்கிற கையால் இதை எழுதி வைக்கிறேன். இனிக் கேட்கிறவர்களுக்கு இதை நீட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் யோகேஸ்வரி. கிழமை நாட்களில் சாரிச் சட்டை தைப்பேன், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பேன். என் கணவர் குணரத்தினம் குளியலறைகளுக்கு டைல் பதிக்கிறவர். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்த ஆட்கள் நாங்கள். இனி இதில் 'இவர்' என்று வந்தால் அது என் கணவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது எங்கள் ஆட்கள் யாரும் நித்திரை கொண்ட வருஷம் இல்லை. தொலைக்காட்சியில் ஊர் யுத்தம் இரவிலும் ஓடிக்கொண்டிருந்தது. டெலிபோன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்று கத்திவிட்டு வந்து, விடியும்வரை கதிரையில் இருப்பேன். படுத்தால் மூச்சு முட்டியது, எழும்பி இருந்தால் சுகமாக இருந்தது. எல்லா வீட்டிலும் எல்லாரும் அப்படித்தானே விழித்துக்கொண்டு இருந்தார்கள், என்னுடையது உடம்பு வருத்தம் என்று யாருக்குத் தெரியும்? மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் அழுது களைத்து மெல்ல மெல்ல நித்திரை கொள்ளத் தொடங்கினார்கள். நான் மட்டும் கதிரையிலேயே இருந்தேன். டாக்டரிடம் போனேன். மனக்கவலை என்று ஒரு குளிசை தந்தார். நானும் ஓம் என்றேன். அந்த வருஷம் கவலை இல்லை என்று சொல்லவே ஒரு தமிழருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

இலையுதிர் காலம் தொடங்கிய நேரம், பிளேஸ்டோ ஸ்டேஷன் படியில் பாதி ஏறும்போது இருமல் வந்தது. கைலேஞ்சியை எடுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பில் நுரை. கோதாரி, இது கவலை இல்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. யாரோ ஆம்புலன்ஸுக்கு அடித்தார்கள்.

பெரிய மருத்துவமனையில் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லியைப் பூசி ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் காட்டுகிற எக்கோ பரிசோதனை அது. என் இதயம் திரையில் சாம்பல் நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அதுவரை கதைத்துக் கதைத்துக் கருவியை உருட்டிய பெண்பிள்ளை கதைப்பதை நிறுத்திவிட்டது. கதைத்துக்கொண்டிருக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு.

விஷயம் இதுதான். இதயத்தின் இடப் பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ்களால் ஆன ஒரு கதவு இருக்கிறது. அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர். சின்ன வயதில் தொண்டை நோ வந்து, பிறகு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், அந்தக் காய்ச்சல் சிலருக்கு இந்தக் கதவைக் காயப்படுத்திவிட்டுப் போகும். பல வருஷம் சத்தமே இருக்காது. தழும்பு மெல்ல மெல்லத் தடித்து, கதவு திறக்க மாட்டாமல் போகும். கீழே போக முடியாத இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை நனைக்கும். படுத்தால் அந்த ஈரம் முழு நுரையீரலிலும் பரவும். அதனால்தான் நான் கதிரையில் இருந்தேன். கதவை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். அதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டும்.

இதை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, இவரிடம் சொன்னார். நான் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்குடன் கிடந்தேன். இவர்தான் "ஐ டாக், ஐ டெல் ஹெர்" என்று முன்னால் நின்றார். டாக்டர் நெடுநேரம் சொன்னார். இவர் திரும்பி எனக்கு மொழிபெயர்த்தார்:

"கதவொண்டு கொஞ்சம் இறுக்கமாம். சின்னத் திருத்தம் ஒண்டு செய்தாச் சரியாம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

எனக்கும் ஆங்கிலம் விளங்கும். 'சிவியர்' என்ற சொல் விளங்கியது. இவருடைய கழுத்து வேர்த்திருந்ததும் விளங்கியது. கதவுக்கு எண்ணெய் விடப் போகிறார்களாக்கும் என்று கேட்கலாம் என்று வாய் வந்தது, மூச்சு வரவில்லை.

வார்டில் என்னை ஜன்னலோரம் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் மாநிறம், கறுத்த பின்னல், காதில் தங்கத் தோடு. அட, எங்கள் ஆள் என்று மனம் குளிர்ந்து, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். அந்தப் பெண் மலர்ந்து சிரித்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். ஒரு சொல் விளங்கவில்லை. அவளும் என்னைத் தன் ஊர்க்காரி என்று நினைத்து ஸ்பானிஷில் கதைத்திருக்கிறாள். பெயர் எல்வீரா. கொலம்பியாக்காரி. தென் லண்டனில் வளர்ந்தவர்களுக்கு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறாள். ஊரில் இரண்டு கவிதைப் புத்தகம் வெளிவந்திருக்கிறது. அவளுக்கும் இதயத்தில் ஒரு கதவு பழுது, என்னுடையதற்குப் பக்கத்துக் கதவு. எங்கள் இருவருடைய ஆங்கிலமும் நொண்டி. இங்கே அவள் சொன்னதைத் தமிழில்தான் தருகிறேன்.

முதல் இரவே தெரிந்துவிட்டது, வார்டில் நித்திரை இல்லாமல் நிமிர்ந்து இருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான் என்று. மற்றக் கட்டில்களில் குறட்டை. அவள் மெல்லக் கேட்டாள்: "நான் நித்திரையைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறேன், சொல்லவா?" தலையணைக்குக் கீழிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். ஸ்பானிஷில் ஒரு வரி வாசிப்பாள், பிறகு ஆங்கிலத்தில் தட்டித் தடவிச் சொல்வாள்.

"நித்திரை கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள்.
எனக்கு மட்டும் அந்த ஊருக்கு விசா இல்லை."

சிரித்துவிட்டேன். சிரித்தால் இருமல் வரும், வந்தது. நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிப் பேசிவிட்டுப் போனா.

அந்தப் புத்தகம் முழுக்க இரவும் சாவும்தான். "ஏன் இப்படி?" என்று கேட்டேன். தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பகலில்தான் வந்தார்கள் என்றாள். நல்ல வெயிலாம், தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு இருந்ததாம். அண்ணன் திரும்பி வரவேயில்லை. "இரவைப் பற்றி எழுதினால் இரவு கொஞ்சம் பழகிவிட்டது. பகலைப் பற்றி எழுத இன்னும் முடியவில்லை," என்றாள். அன்றைக்குத்தான் நான் அந்த வருஷத்துக்காக ஒழுங்காக அழுதேன். தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லாருடனும் சேர்ந்து அழுதது வேறு. இது எனக்கே எனக்கென்று அழுதது. எங்கள் வருஷத்தை யாரோ வேறு மொழியில் முன்னமே எழுதி வைத்ததுபோல இருந்தது.

பகலில் சொந்தக்காரர் வருவார்கள். கிங்ஸ்பரியிலிருந்து என் மச்சாள், இவருடைய தங்கை, உப்பில்லாத சூப்பும் விபூதியும் கொண்டுவருவா. என் காலைப் பிடித்து விடுவா. நல்ல மனுஷி, கையும் நல்ல கை. ஆனால் வந்ததிலிருந்து போகும்வரை ஒரே பாட்டு: "ஒண்டுமில்லை அண்ணி, இதெல்லாம் இப்ப பல்லுப் பிடுங்கிற மாதிரி." மகள் சிந்து கட்டில் ஓரத்தில் இருந்து, "அம்மா, பி பாசிட்டிவ், ஓகே?" என்பாள். கனடாவிலிருந்து பேசுகிறவர்கள், என்ன செலவு முடியும் என்று இவரிடம் ரகசியமாகக் கேட்பார்கள். இங்கே பில் வராது என்று சொன்னால், அப்படியென்றால் நல்ல டாக்டர்களோ என்று சந்தேகப்படுவார்கள். சாவு என்ற சொல்லை மட்டும் எல்லாரும் செருப்பைப்போல வார்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்கள் போனபிறகு நான் எல்வீராவின் பக்கம் திரும்பி, "இன்னொன்று சொல்லு," என்பேன்.

நடுவில் பரிசோதனைகள். தொண்டைக்குள்ளால் ஒரு குழாயை இறக்கி, இதயத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பல்லைத் தேய்த்துக்கொண்டே குமட்டிச் சத்தி எடுப்பதை அரை மணித்தியாலம் நீட்டினால் எப்படி, அப்படி. மணிக்கட்டால் மெல்லிய கம்பியை விட்டு, மை செலுத்தி, இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். அது பரவாயில்லை, உடம்பில் ஒரு சூடு ஓடிப்போகும், அவ்வளவுதான். பிறகு எந்த வால்வு வேண்டும் என்று கேட்டார்கள். உலோகம் என்றால் காலம் பூராவும் உழைக்கும், ஆனால் இரத்தம் உறையாமல் வாழ்நாள் முழுக்கக் குளிசை போட வேண்டும். மிருகத்துடையது என்றால் குளிசை குறைவு, ஆனால் சில வருஷத்தில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். இரண்டாம் தரம் திறக்க விட நான் என்ன அலுமாரியோ? உலோகம் என்றேன். ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் எல்வீரா கேட்டாள்: "உன் மொழியில் என் கவிதை எப்படிக் கேட்கும்?" அவளுடைய கடைசிக் கவிதையை நான் ஏற்கனவே மனதுக்குள் தமிழாக்கி வைத்திருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு? திரைச்சீலையை இழுத்துவிட்டு, சனிக்கிழமை வகுப்பில் சொல்வதுபோலக் கணீரென்று சொன்னேன்.

"சாவே, வா.
காலைத் துடைத்துவிட்டு வா,
தரையை இன்றுதான் கழுவினேன்.
கதிரை இருக்கிறது, இரு."

திரைச்சீலை சர்ரென்று விலகியது. இவர். கையில் சூப் ஃபிளாஸ்க். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆரையப்பா கூப்பிடுறீர்?"

"கவிதை. இவ எழுதினது."

"கண்டறியாத கவிதை! ஆசுப்பத்திரியிலை கிடந்துகொண்டு அதை வா, இரு எண்டு வாயாலை அழைக்கிறீரோ? வாயைக் கொப்பளியும் முதல்லை!"

சொன்னதோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வார்த்து என் கையில் திணித்து, நான் கொப்பளித்துத் துப்பும்வரை பக்கத்தில் நின்றார். எல்வீரா கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

"அவருக்குப் பிடிக்கவில்லையா?"

"சாவுக்குக் காது கேட்டுவிடும் என்று பயம்," என்றேன்.

எனக்கு அது பகிடி. இவருக்கு அது பகிடி இல்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் சாகத் துணிந்துவிட்டேன் என்று இவர் நினைத்துவிட்டார். அன்று இரவே வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு ஓடி, என் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். அங்கே சாமி கும்பிட வந்த தெரிந்தவர் ஒருவர் பஞ்சாங்கம் பார்ப்பார். அவரிடம் இவர் ஒப்பரேஷன் நாளைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அட்டமியாம். அதுவும் போதாதென்று என் விருச்சிக ராசிக்குச் சந்திராட்டமமாம், அதாவது சந்திரன் எட்டாம் இடத்தில் நிற்கிற நாள். ஒரு சட்டைத் துணி வெட்டக்கூட எங்கள் ஆட்கள் அன்று யோசிப்பார்கள். நெஞ்சை வெட்டுகிறதாவது!

நாளை மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே என் கணவர், பிறந்த நாளிலிருந்து ஒருவருக்கும் ஒரு தீங்கும் நினையாத மனுஷன், ஒரு பொய்யைச் சொன்னார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் என்னைப் பல் பரிசோதனைக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார்கள். பல்லில் கிருமி இருந்தால் அது இரத்தத்தோடு போய்ப் புது வால்வில் குடியேறிவிடும், அதனால் வாயையும் பார்ப்பார்கள். அந்த நேரம் டாக்டர் வார்டுக்கு வந்து, காய்ச்சல், சளி ஏதும் உண்டா என்று வழக்கம்போல இவரிடம் கேட்டிருக்கிறார். இவர், ஓம், இரவிரவாகக் காய்ச்சல், நடுக்கம், பச்சைச் சளி, ஒப்பரேஷன் நின்றுவிடும் என்று அவ குளிசை போட்டு மறைக்கிறா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அது பன்றிக் காய்ச்சல் உலகமெல்லாம் ஓடித் திரிந்த வருஷம். யாராவது தும்மினாலே வார்டு திரும்பிப் பார்க்கும். நான் பல்லைக் காட்டிவிட்டு மேலே வந்தபோது என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தனி அறைக்கு மாற்றி, கதவில் எச்சரிக்கை ஒட்டி, மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுக் கிண்டி எடுத்தார்கள்.

"நீங்கள் மறைத்திருக்கக் கூடாது," என்று நர்ஸ் மாஸ்க்குக்குள்ளால் சொன்னா. "நல்லகாலம், உங்கள் கணவர் சொன்னார்."

இவர் பின்னேரம் வந்தார், தானும் மாஸ்க் போட்டுக்கொண்டு. நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். தமிழில் இவருக்குப் பொய் ஒழுங்காக வராது, ஆங்கிலத்தில் நன்றாக வரும்போல.

"உமக்கு அண்டைக்குச் சந்திராட்டமம்," என்றார் கடைசியில். "அட்டமியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடியப்பா விடுறது?"

நான் கத்தினேன். மூச்சு இல்லாதவள் கத்தினால் எப்படியிருக்குமோ அப்படிக் கத்தினேன். மணியை அடித்து டாக்டரைக் கூப்பிட்டு, என் கணவர் சொன்னது பொய், எனக்குக் காய்ச்சல் இல்லை, நாளைக்கே செய்யுங்கள் என்றேன். அந்த இளம் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வது உண்மை என்று அவருக்கு எப்படித் தெரியும்? புது வால்வு வைக்கிற நேரம் உடம்பில் கிருமி இருந்தால் ஆளே தப்பாது, முடிவு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். என் இடம் ஏற்கனவே வேறு ஆளுக்குப் போய்விட்டதாம்.

அந்த வேறு ஆள் எல்வீரா.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் அறைக் கதவின் கண்ணாடிக்கு வந்தாள். உள்ளே வர விடவில்லை. "உன் நாளை நான் எடுக்கிறேன், கோபமா?" என்று கத்திக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். தன் கவிதையைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன், இந்தத் தரம் முழுவதையும், கண்ணாடிக்குக் கிட்டே போய், சத்தமாக. தாழ்வாரத்தில் போன நர்ஸ் தலையைக் குனிந்து நின்றா, பிரார்த்தனை என்று நினைத்துவிட்டா.

மறுநாள் இவர் வந்து வழமைபோல ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

"எல்வீராவை இப்ப ஒப்பரேஷனுக்குக் கொண்டு போயிட்டினம்," என்றேன். "என்ரை நாளிலை. உங்களுக்கு அது கூடாத நாள் எண்டால், அவவுக்கு மட்டும் நல்ல நாளோ?"

"அவ வேதக்காரிதானே, சேர்ச்சுக்குப் போற ஆள். அவைக்கு அட்டமி நவமி எண்டு ஒண்டும் இல்லை."

"அப்ப இதயமும் இல்லையோ?"

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். சூப் ஆறிக்கொண்டு கிடந்தது.

அன்று மத்தியானம் எனக்கு வந்தது. தண்ணீருக்குள் யாரோ தலையைப் பிடித்து அமத்துவதுபோல வந்தது. இழுத்தேன், காற்று வரவில்லை. அறைக்குள் ஆட்கள் ஓடி வந்தார்கள், முகத்தில் இறுக்கமான மாஸ்க்கைக் கட்டி மெஷினால் காற்றைத் தள்ளினார்கள், நரம்பில் தண்ணீர் இறங்குகிற மருந்தை ஏற்றினார்கள். நுரையீரல் நிரம்பிவிட்டது. இவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இப்போது செத்தால் இந்த மனுஷன் மிச்சக் காலம் எப்படி இருப்பார் என்று நினைத்தேன். சாக மாட்டேன் என்று அங்கேதான் முடிவு செய்தேன். வீரம் ஒன்றும் இல்லை, கோபம். பேச வேண்டியது நிறையக் கிடந்தது.

ஒருமாதிரி மூச்சு திரும்பியது. இதை இனிக் கனநாள் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவர் உள்ளே வந்து கதிரையில் இருக்காமல் தரையில் இருந்தார்.

"நான் மேலை போய் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டனான்," என்றார். "சொந்தக்காரருக்குத்தான் சொல்லுவினமாம். அவ செத்துப்போனா எண்டால் நான்தான் சாக்காட்டினது. உம்மையும் நான்தான்…"

சாவு என்ற சொல்லை இவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். அழுதார். தலையைத் தடவிவிட்டேன். பேச வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது.

மற்ற நாள் காலை நர்ஸ் சிரித்துக்கொண்டு வந்தா. எல்வீரா கண் விழித்துவிட்டாள். கையில், மூக்கில், கழுத்தில் எல்லாம் குழாயோடு கிடந்து, எனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஒருவரும் வரவில்லை. உடுப்பெல்லாம் நானே மடிக்க வேண்டியிருக்கிறது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவர் ஒன்றும் விளங்காமல் முழித்தார்.

"என்னவாம்? என்ன உடுப்பு?"

"அண்டைக்கு நீங்கள் பாதியிலை வாய் கொப்பளிக்க வைச்ச கவிதை. மிச்சம் இருக்கு."

இவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "முழுக்கச் சொல்லும், பாப்பம்," என்றார். சொன்னேன்.

"சாவே, வா.
காலைத் துடைத்துவிட்டு வா,
தரையை இன்றுதான் கழுவினேன்.
கதிரை இருக்கிறது, இரு.
கோப்பி குடிக்கிறாயா?
நான் இன்னும் உடுப்பு மடித்து முடிக்கவில்லை.
அவசரம் என்றால்
இந்தப் போர்வையை நீயும் ஒரு பக்கம் பிடி."

இவர் மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"இது கூப்பிடுறதில்லையப்பா," என்றார். "இது வேலை வாங்கிறது. உம்மடை குணம்தான் அந்தப் பிள்ளைக்கும்."

அதைவிட நல்ல விமர்சனம் எல்வீராவுக்கு எங்கேயும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

பன்றிக் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. புதிய நாள் குறித்தார்கள். "அண்டைக்கு என்ன திதியாம்?" என்று கேட்டேன், வேண்டுமென்றேதான். "நான் பாக்கேல்லை," என்றார். சப்பாத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வார்டில் கட்டில் இல்லாததால் என்னை அந்தத் தனி அறையிலேயே வைத்திருந்தார்கள். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் சர்ஜன் வந்தார். உயர்ந்த மனுஷன், தாழ்ந்த குரல். உள்ளே வந்ததும் எல்லாரையும்போல இவரைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார். இவர் எழும்பினார். தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் வைத்தார்.

"டெல் டு ஹெர்," என்றார். "எவ்ரிதிங். நாட் மீ. ஹெர்."

சர்ஜன் அந்தக் கதிரையில் இருந்தார். முழுவதையும் சொன்னார். இதயத்தை நிறுத்திவிட்டு, மெஷின் ஒன்று அதன் வேலையைச் செய்யும். கதவை வெட்டி எடுத்து, உலோகக் கதவைத் தைப்பார்கள். பிறகு இதயத்தைத் திரும்ப ஓட விடுவார்கள். மூளைக்கு இரத்தக்கட்டி போகலாம், இரத்தம் நிற்காமல் போகலாம், இதயம் திரும்ப ஓடாமலும் போகலாம். நான் சாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். என் கண்ணைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பேனையை வாங்கி, சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன்.

அவர் போனபிறகு, இத்தனை நாளும் சொல்ல விடாததையெல்லாம் இவரிடம் சொன்னேன். சிந்துவின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. தைக்கத் தந்த துணிகளில் யார் யாருடையது என்று மச்சாளுக்குத் தெரியும், திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் செத்தால் என்னை அந்தப் பச்சைச் சேலையில்தான் கொண்டுபோக வேண்டும், சிவப்பு வேண்டாம். ஆண்டுத் திவசம் முடிந்ததும் தானே சமைக்கப் பழக வேண்டும், தங்கையின் கையை எதிர்பார்த்து இருக்கக் கூடாது. விசர்க்கதை என்று இவர் ஒரு இடத்திலும் மறிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னார். சேலை எந்த அலுமாரியில் என்றுகூடக் கேட்டார்.

வெளியே சாப்பாட்டு வண்டி உருண்டு போனது. இவர் கட்டிலில், என் காலடியில் வந்து இருந்தார்.

"பயமாக் கிடக்கோ?" என்று கேட்டார்.

கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் எனக்குப் பயப்படாதையும் என்றுதான் சொல்லியிருக்கிறார். கேட்டது இதுதான் முதல் தரம்.

"ஓம்," என்றேன்.

"எனக்கும்," என்றார்.

நர்ஸ் இவரைப் போகச் சொல்லவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டா. நான் நிமிர்ந்து இருந்தபடியே, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் வந்து தட்டி எழுப்பும்வரை நல்ல நித்திரை கொண்டேன்.